கருவாடு என்று சொன்னோம்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை வாய்த்தது. எங்கள் வீட்டில் இது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. எங்களில் பெரியவள் செவிலியர். அவளுடைய வார விடுப்பு மாற்றுப்பணிப் பட்டியலைப் பொறுத்து செவ்வாயிலும் வரும், வியாழனிலும் வரும். சின்னவள் சமூகப் பணியாளர். திங்கட்கிழமை என்றால் ஏதாவது ஒரு ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் வரிசையில் நிற்பாள். மற்ற நாட்களில் காவல் நிலையம், நீதிமன்றம், நிவாரணத் தொகை வராத குடும்பங்களின் மனுக்கள். கூலி வேலைக்குப் போகும் மக்களை வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைதான் போயாக வேண்டும். ஆகவே ஞாயிறும் போய்விடும்.

ஓய்வு எடுப்பதென்றாலே ஏதோ துரோகம் செய்வதுபோலக் குறுகிப்போகிற மாணவத் தோழர்களை நிறையப் பார்க்கிறோம். கள ஆய்வு முடித்துவிட்டு நள்ளிரவுப் பேருந்து நிலையத்தில் ஆறிப்போன எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றுவிட்டு, மறுநாள் காலை அடுத்த ஊர். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒருநாள் வயிறு கெட்டு, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு பெரியவளுடைய வார்டிலேயே படுத்துக் கிடந்தபோது, "சோத்தைக்கூட ஒழுங்காத் திங்கத் தெரியாத நீங்கள்லாம் எப்படிடி ஊரைத் திருத்தப் போறீங்க?" என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து சமையலை நாங்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினோம்.

அந்த இரண்டு நாளில் செய்வதற்கு இரண்டே இரண்டு பொருள்தான் முடிவாயிற்று. ஒன்று, உப்புக்கண்டம் போட்ட குழம்பும் கேவுரு களியும். இன்னொன்று, சிமிலி உருண்டை. எங்கள் வீட்டுக் குட்டி, பெரியவளின் மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டையும் அவள் கண்ணால் கண்டதில்லை. உப்புக்கண்டம் என்ற சொல்லைக் கேட்டதும், "கண்டம்னா ஆசியா, ஆப்பிரிக்கா மாதிரியா சித்தி?" என்றாள்.

கூகுளில் உப்புக்கண்டம் என்று தேடிப் பாருங்கள். செட்டிநாட்டு உப்புக்கண்டம் வரும், வெள்ளாட்டுக் கறியில் செய்தது. கிராமத்துச் சமையல் என்ற பெயரில் ஆற்றங்கரையில் அண்டா வைத்து ஆக்குகிற காணொளிகளில் ஆடு, கோழி, வாத்து, காடை, மீன் எல்லாம் வரும். அந்தக் கிராமங்களில் மாடு உழும், வண்டி இழுக்கும், பால் கறக்கும். அது இறைச்சியாகிற கட்டம் மட்டும் காணொளியில் வருவதே இல்லை. எங்கள் கிராமத்தை யாரோ கத்தரித்து எடுத்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் கிராமத்துச் சமையல் என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில். காலனியில் மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூறு போடுவார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஒரு மாட்டை வாங்குவது, அறுத்தபின் கறியைப் பங்கு பிரிப்பது. பனையோலைப் பாயை விரித்து வரிசையாகக் குவியல் வைப்பார்கள். ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் தொடைக்கறி, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், ஒரு துண்டு கொழுப்பு. தராசு கிடையாது. வைக்கிறவர் ஒரு குவியலில் இருந்து ஒரு துண்டை எடுத்து அடுத்ததில் போடுவார், தள்ளி நின்று பார்ப்பார், மறுபடியும் மாற்றுவார். "சரியா இருக்குதா பாருங்கப்பா" என்று எல்லோரையும் கேட்ட பிறகுதான் கூறு எடுக்க விடுவார். கையில் காசில்லாதவர்களுக்கும் கூறு உண்டு, அறுப்புக்கூலி வந்ததும் கொடுத்துக்கொள்ளலாம். பங்கீடு பற்றி எம்.ஏ. வகுப்பில் எத்தனையோ கோட்பாடுகள் படித்தோம். அந்தப் பனையோலைப் பாயைப் போல ஒன்றும் புரியவைக்கவில்லை. (குடல் கழுவுகிற வேலை மட்டும் எப்போதும் பெண்கள் தலையில்தான் விழும். அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நாங்கள் காலனியைச் சொர்க்கமாக்கி எழுதுகிறோம் என்பீர்கள்.)

ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாததுதான் கண்டம் ஆகும். அம்மா கறியை விரல் நீளத்துக்குக் கீற்றுக் கீற்றாக அரிந்து, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டுப் பிசறி, சணலில் கோத்து, வாசலில் இரண்டு கழிக்கு நடுவே தோரணம்போலக் கட்டுவார். ஐந்தாறு நாள் வெயில். காக்கை விரட்டுவது எங்கள் வேலை. காய்ந்து கறுத்துக் கட்டையானதும் பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து வேலை இல்லாமல் போகிற நாட்களுக்கு அது. இரண்டு துண்டை நெருப்பில் சுட்டு, அம்மிக்கல்லில் வைத்து நச்சுக் கொடுத்தால் ஒரு தட்டு கூழ் உள்ளே போய்விடும்.

மராத்வாடாவின் மகர், மாங் மக்களுடைய சமையலைப் பற்றி ஷாஹு பாட்டோளே மராத்தியில் 2015இல் எழுதிய புத்தகம் 2024இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் வெயிலில் காயவைத்த மாட்டுக்கறிக் கீற்றுக்கு சான்யா என்று பெயர். படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறு மொழியில், அதே கீற்று. நிலமும் இல்லாமல் குளிர்பெட்டியும் இல்லாமல் இருந்தவர்கள் எல்லாம் உப்பையும் வெயிலையும்தான் நம்பியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பல்லாவரம் போனோம். வீட்டிலிருந்தே மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கொண்டோம். அதற்குச் சுற்றுச்சூழல் அக்கறை காரணமில்லை. கையில் கவர் தெரியக்கூடாது, அவ்வளவுதான். கடைக்கார பாய், "கொழம்புக்கா, வறுவலுக்காம்மா?" என்றார். கண்டத்துக்கு என்றதும் ஏறிட்டுப் பார்த்தார். "இப்பல்லாம் யாரும்மா கண்டம் போடறாங்க?" என்று சொல்லிக்கொண்டே, நார் ஓடுகிற வாக்குக்குத் தொடைக்கறியை நீளநீளமாகக் கீறிக் கொடுத்தார். ஒன்றரைக் கிலோ. கூடவே குழம்புக்கு நெஞ்செலும்பு அரைக் கிலோ. எல்லாம் சேர்ந்தும் ஒரு கிலோ ஆட்டுக்கறி விலையைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டோம். அவர் இப்போது ஊரில், தொகுப்பு வீட்டில், தனியாக இருக்கிறார். எவ்வளவு உப்பு, சோம்பு போடலாமா, இஞ்சி பூண்டு உண்டா என்று கேட்டோம். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏண்டி, இதயெல்லாம் போன்ல பேசிக்கினு. பக்கத்துல யாருனா இருக்கப் போறாங்க" என்றார். அவர் வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. எங்கள் வீட்டிலும் நாங்கள் மூன்று பேர்தான். இருந்தும் நாங்களும் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

"கிலோவுக்கு ரெண்டு கை உப்பு. இஞ்சி பூண்டெல்லாம் வாணாம், ஈரம் பிடிக்கும். வேகலன்னா கொழம்புல ஒரு துண்டு பப்பாளிக்கா போடு." இதைச் சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டார்.

அம்மா இப்படி ஆனதற்கு ஒரு வருடக் கணக்கு உண்டு. 2001இல் எங்கள் படிப்புக்காகக் காலனியை விட்டுப் பக்கத்து நகரத்தில் வாடகைக்கு வந்தோம். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்குப் பத்து. வீடு தேடும்போது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று எல்லா வாசலிலும் கேட்டார்கள். அப்பா எதையோ சொல்லிச் சமாளித்து ஒரு வீடு பிடித்தார். அதற்குப் பிறகு அம்மா சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். சில வருடங்களில் மாட்டுக்கறி எங்கள் வீட்டிலிருந்து மறைந்தது. நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. சமையல் கற்றுக்கொள்கிற வயதில் எங்களுக்கு அவர் கற்றுத் தந்ததெல்லாம் அடுத்த வீட்டுச் சமையல்.

எம்.ஏ. வகுப்பில் எம்.என். சீனிவாசின் சமஸ்கிருதமயமாதல் நடத்தினார்கள். கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதி, மேல்சாதியின் பழக்கங்களை ஏற்று, இறைச்சியைக் கைவிட்டு, மேல்நிலை கோருவது என்று குறிப்பெடுத்தோம். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். அன்றைக்கே ஏதோ நெருடியது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்ல முடிகிறது. எங்கள் அம்மா எந்த ஏணியிலும் ஏறப் பார்க்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஒரு கூரை வேண்டியிருந்தது. மாத வாடகையோடு அவர் கொடுத்த இன்னொரு வாடகை அது.

மாட்டுக்கறியை விடுவது பற்றி எங்கள் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு குரல் உண்டு என்பதையும் இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். அதைச் சொல்லிக் காட்டி, "உங்க தலைவரே வேணாம்னு சொல்லியிருக்காரே" என்று நம்மிடம் வாதாட வருபவர்கள் உண்டு. அவர் சொன்னது செத்து விழுந்ததைத் தூக்கிப்போய்த் தின்ன வேண்டும் என்று நம்மேல் சுமத்தப்பட்ட அடிமை வேலையைப் பற்றி. காசு கொடுத்து வாங்கி, கூறு போட்டுச் சாப்பிடுவது வேறு. அதே அம்பேத்கர்தான் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமையின் தோற்றத்துக்கும் உள்ள தொடர்பை அத்தியாயம் அத்தியாயமாக ஆராய்ந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் எந்த மேடையிலும் ஏறாதீர்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். கறியைப் பிசறிச் சணலில் கோத்தாயிற்று. காயவைப்பது எங்கே? மொட்டை மாடி பொது. நான்கு குடித்தனமும் துணி காயப்போடும் இடம். அங்கே தோரணம் கட்ட முடியாது. பால்கனி தெருவைப் பார்த்தது. கடைசியில் படுக்கையறையில், மின்விசிறிக்குக் கீழே, ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிக்குக் கட்டினோம். விசிறியை ஐந்தில் வைத்தோம். தரையில் பழைய செய்தித்தாள். குட்டிக்கு ஒரே குஷி, வீட்டில் காக்கை இல்லாததால் அவளே காக்கையாகிக் கத்திக்கொண்டிருந்தாள். சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது காயுமா? மாலை வரைக்கும் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே மெத்தென்று இருந்தது. மறுபடியும் அம்மா. "வெயிலு இல்லாத எடத்துல எதுக்குடி கண்டம்? தோசக்கல்ல சிம்ல வெச்சு, எண்ண ஊத்தாம, திருப்பித் திருப்பிப் போடு. தண்ணி சுண்டட்டும்." அப்படியே செய்தோம். முழுக் கண்டம் இல்லை, முக்கால் கண்டம்.

குக்கரில் வைக்கவில்லை. வெள்ளாட்டுக்கறி நாலைந்து விசிலில் வெந்துவிடும், இது எட்டாவது கேட்கும். விசில் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும் என்று சட்டியில் மூடி போட்டு வேகவைத்தோம். இதெல்லாம் எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நாமே இத்தனை தந்திரம் பண்ணுகிறோமே என்று அப்போது தோன்றவும் இல்லை.

நெஞ்செலும்பும் கண்டமும் பாதி வெந்ததும் கத்தரிக்காய், மொச்சை, மிளகாயும் மல்லியும் சோம்பும் வறுத்து அரைத்த மசாலா, கடைசியில் கொஞ்சம் புளி. கொதி வந்தபோது ஒரு வாசம் எழுந்தது பாருங்கள். இருபது வருடம் எங்கே போயிருந்தது அது! பெரியவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் அழைப்புமணி அடித்தது.

வீட்டுக்கார அம்மா. மோட்டார் போடப் போவதாகச் சொல்ல வந்தார். நல்ல மனுஷி என்றுதான் சொல்ல வேண்டும். குட்டிக்குக் காய்ச்சல் வந்த ஒரு ராத்திரி ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தவர். வீடு பேசும்போது அவர் சொன்னது இது: "கறி மீனெல்லாம் தாராளமா செஞ்சுக்கங்க. நாங்க ஜாதியெல்லாம் பாக்கறவங்க இல்ல. பெரிய கறி மட்டும் வேணாம்." நாங்கள் தலையாட்டி அட்வான்ஸ் கொடுத்தோம்.

மூக்கைச் சுளிக்கவில்லை, சும்மா உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன வாசனை வித்தியாசமா இருக்கு, கருவாடா?" என்றார்.

"ஆமாக்கா, கருவாடு" என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

2017 மே மாத இறுதியை நினைத்துப் பாருங்கள். இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைக் கட்டுப்படுத்தி ஒன்றிய அரசு மே 23 அன்று அறிவிக்கை போட்டது. சென்னையில் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் மாட்டுக்கறி விழா நடத்திய மாணவர் தாக்கப்பட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வாரம் நாங்களும் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்து மாட்டுக்கறிப் பிரியாணியை மட்டும் பட்டியலில் விட்டபோது, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடாகாதா என்று விளக்கம் கேட்டது. விழாவே மழையைக் காரணம் காட்டித் தள்ளிப்போயிற்று. அதைப் பற்றிக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசியிருக்கிறோம். உணவு உரிமை என்று தலைப்புக் கொடுத்தால் எங்களால் ஒரு மணி நேரம் குறிப்பில்லாமல் பேச முடியும். ஒரே ஒரு கேள்வி, அதுவும் சிரித்த முகத்தோடு கேட்டது, எங்கள் வாசலில் வந்து நின்றதும் வாயிலிருந்து வந்த சொல் கருவாடு.

அவர் போன பிறகு குட்டி கேட்டாள். "கருவாடு இல்லையே. அது மாட்டுக்கறிதானே?"

"ஆமாண்டா."

"அப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது? களி கிண்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல நடித்தோம். உண்மையிலேயே அது மும்முரமான வேலைதான். நொய் வெந்து குழைந்ததும் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு கிண்ட வேண்டும். அம்மா பானையைத் தரையில் இறக்கி இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவார். எங்களிடம் துடுப்பு இல்லை, சப்பாத்திக் கட்டை. கட்டி தட்டிப்போயிற்று. ஈரத் தட்டில் உருட்டியபோது உருண்டை ஒரு பக்கம் சாய்ந்தது. இருந்தாலும் களிதான். எங்கள் சிறு வயதில் பள்ளியில் "களி தின்னி" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சிறைக்குப் போவதற்கே தமிழில் களி தின்பது என்றுதான் பெயர். 2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததும் அதே கேழ்வரகு பளபளப்பான பையில் ஏறி, அதே தமிழர்களின் சத்துணவாகிவிட்டது. கண்டத்துக்கு அப்படி ஓர் ஆண்டை எந்த ஐ.நா.வும் அறிவிக்கப் போவதில்லை.

சாப்பாடு அமிர்தம். குட்டி முதலில் எலும்பைப் பயந்து பயந்து எடுத்தாள், பிறகு தட்டில் தட்டி உறிஞ்சினாள். ஆனால் அவளுடைய கேள்வி அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சிமிலி. கேழ்வரகு மாவை உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மெல்லிய அடையாகத் தட்டி, கருகாமல் சுட்டு, ஆறுவதற்குள் பிய்த்து, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, வெல்லம், கொஞ்சம் எள் சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு கடலை, ஒரு பங்கு வெல்லம். ஏலக்காய் போடலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வசதி இருந்ததில்லை, ஆகவே எங்கள் நாக்குக்கு ஏலக்காய் போட்டால் அது சிமிலியே இல்லை. மிக்ஸியில் போட்டுக் களிம்பாக்கிவிடாதீர்கள். விட்டு விட்டு இரண்டு சுற்று, அவ்வளவுதான். மீதியைச் சின்ன இடிகல்லில் குட்டி இடித்தாள். வெல்லமும் கடலை எண்ணெயும் கசிந்து கை பளபளக்கும்போது உருண்டை பிடிக்க வேண்டும். விடுதியில் படிக்கும்போது அம்மா பேருந்தில் சுமந்து வந்து கொடுத்தது இதைத்தான். பிரித்து வைத்தால் பத்து நிமிடத்தில் டப்பா காலியாகும். சிமிலிக்கு மட்டும் யாரும் சாதி கேட்டதில்லை.

மத்தியானம் அம்மாவே கூப்பிட்டார். கண்டம் எப்படி வந்தது என்று கேட்கத்தான். மணியடித்தது, கேட்டது, நாங்கள் சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்தோம். திட்டுவார் என்று நினைத்தோம். சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார்.

"நானும் கருவாடுன்னுதான்டி சொல்லுவேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"அந்த மொதல் வூட்டுல. ஒங்கப்பா மாசத்துக்கு ஒரு தபா ஊருலருந்து துண்டு கொண்டாருவாரு. கதவ சாத்திக்கினு ஆக்குவேன். அந்தம்மா கேக்கும்போதெல்லாம் கருவாடுன்னு சொல்லிடுவேன். ஒரு வருசம் ஓடிச்சு. அப்பால ஒருநாளு நாயி குப்பையக் கௌறிடுச்சு. எலும்பு பெருசா இருந்துச்சா, தெரிஞ்சுபோச்சு. அந்த வாரமே காலி பண்ணுன்னுட்டாங்க."

முதல் வீட்டை விட்டது வாடகை ஏற்றியதால் என்றுதான் இத்தனை வருடமும் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. அவரும் சொல்லவே இல்லை.

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தோம். பெரியவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏம்மா, சில நாளு காலையில பேப்பர்ல சுத்தி ஒரு பொட்டலம் குடுப்பியே. ஸ்கூலுக்குப் போற வழியில பாலத்துக்கு அந்தாண்ட போட்டுட்டுப் போன்னு."

"ஆமா" என்றார் அம்மா.

அவள் அதை வீட்டுக் குப்பை என்று நினைத்துத்தான் சுமந்திருக்கிறாள். ஏன் இவ்வளவு தூரம் என்று அலுத்துக்கொண்டு. ஒருநாள் நேரமாகிவிட்டதென்று பாலம் வரைக்கும் போகாமல் தெருமுனையிலேயே போட்டுவிட்டு ஓடியதாக அவளுக்கு ஒரு ஞாபகம். அந்தப் பொட்டலத்தைத்தான் நாய் கிளறியதா என்று அவள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. "களி கட்டி தட்டுச்சா?" என்று பேச்சை மாற்றினார்.

அன்று மாலை குட்டியை உட்காரவைத்துச் சொன்னோம். பயத்தில் பொய் சொன்னோம் என்றோம். பாட்டியும் பயத்தில் அதே பொய்யைத்தான் சொன்னாள் என்றோம். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆன்ட்டி நல்லவங்கதானே?" என்று கேட்டாள். நல்லவர்தான் என்றோம். "அப்ப ஏன் பயம்?" இந்த இரண்டாவது கேள்விக்கு சமூகவியலில் முதுகலை வாங்கியவளும் முழித்தாள்.

வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிடுவதா என்று நாங்கள் இருவரும் ராத்திரி வெகு நேரம் பேசினோம். குட்டியின் பள்ளி நான்கு தெரு தள்ளி இருக்கிறது. மருத்துவமனைக்கு ஒரே பேருந்து. இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வீடு கிடைக்காது. இவையெல்லாம் காரணங்களா, சாக்குகளா என்று பிரித்துப் பார்க்க எங்களால் முடியவில்லை. வாடகை கொடுக்கும் ஐந்தாம் தேதி கீழே போகும்போது சொல்லலாம் என்று பெரியவள் சொன்னாள். சின்னவள் சரி என்றாள்.

சமையலறையில் எலும்பு இருந்தது. பழக்கத்தில் கை செய்தித்தாளை எடுத்துவிட்டது. பெரியவள்தான் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். எலும்பை அப்படியே மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் கொட்டினாள், எதிலும் சுற்றாமல்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தூய்மைப் பணியாளர் அக்கா பேட்டரி வண்டியோடு வந்து விசில் ஊதினார். குட்டி, பள்ளிச் சீருடையில், பச்சைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள். கீழ்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அக்கா தொட்டியைக் கவிழ்த்தார், பார்த்தார், எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"பெரிய கறியா?"

"ஆமாக்கா" என்றோம். "கண்டம் போட்டோம்."

"கண்டமா! எங்க ஆயா போடும்" என்றவர் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். "மிச்சம் கீதா?"

மிச்சம் இருந்தது. குட்டி எடுத்துவர மேலே ஓடினாள்.